செல்வமும் ஆயுளும்

செல்வம் பெருகினால் ஆயுளும் பெருகும் என்பது ஓரளவுக்கே உண்மை. வறுமையிலிருந்து மீளும் நாட்டில் நல்ல குடிநீரும் தடுப்பூசியும் வயிறார உணவும் ஆயுளைக் கூட்டுகின்றன. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட நாடுகளுக்கிடையே இந்தக் கணக்கு பொய்த்துப் போகிறது. உலகிலேயே மருத்துவத்துக்கு மிக அதிகமாகச் செலவிடும் அமெரிக்காவில் 2023இல் சராசரி ஆயுள் 78.4 ஆண்டுகள். தலைக்கு அதில் பாதிகூடச் செலவிடாத ஜப்பானில் அதே ஆண்டில் 84.

ஜப்பானியரின் பரம்பரை அப்படி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 1947இல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50, பெண்ணுக்கு 54. ஒரு தலைமுறைக்குள் இரத்தம் மாறிவிடவில்லை. 1961இல் குடிமக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. அன்று அந்நாட்டில் அதிக உயிர்களைப் பறித்த பக்கவாதத்தை, இரத்த அழுத்தப் பரிசோதனையாலும் உணவில் உப்பைக் குறைத்தும் படிப்படியாகக் கட்டுப்படுத்தினார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன ஒகினாவாவின் ஆண்கள் 1985இல் ஜப்பானிய மாநிலங்களில் முதலிடத்தில் இருந்தார்கள். 2000இல் 26ஆம் இடத்துக்கு இறங்கினார்கள். பரம்பரை அதேதான், வாழ்க்கை முறை மாறிவிட்டது.

சராசரி ஆயுளை முதியோர் சம்பந்தப்பட்ட விஷயமாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதை அதிகம் இறக்குவது இளையோரின் சாவு. 85 வயதுக்காரரின் மரணத்தைத் தள்ளிப்போட்டால் கணக்கில் ஓரிரு ஆண்டுகள் சேரும். 25 வயதில் ஒருவர் இறந்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் போய்விடும். அமெரிக்காவை 16 செல்வ நாடுகளோடு ஒப்பிட்டு, அந்நாட்டின் தேசிய ஆய்வுக் குழு 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆண்களின் ஆயுள் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஐம்பது வயதுக்கு முந்தைய மரணங்களே காரணம் என்றது அது. எழுபத்தைந்தைக் கடந்த அமெரிக்கர்களோ மற்ற நாட்டினருக்குச் சளைத்தவர்களல்லர்.

அந்த இளையோர் எப்படி இறக்கிறார்கள்? 2021இல் மட்டும் அமெரிக்காவில் அளவு மீறிய போதைப்பொருளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், துப்பாக்கிக்கு 48,000க்கும் மேற்பட்டோர், சாலை விபத்துகளுக்கு 42,000க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மக்கள்தொகையில் அமெரிக்காவின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரிய ஜப்பானில், 1970இல் சாலைகளில் 16,765 பேர் இறந்தார்கள். 2021இல் அந்த எண்ணிக்கை மூவாயிரத்துக்கும் கீழே. துப்பாக்கிச் சாவு அங்கே அபூர்வம்.

உடற்பருமன், நீரிழிவு ஆகியவற்றின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி யார் கைக்கும் எட்டலாம் என்பதும், வலிநிவாரணி மாத்திரைகள் 1990களிலிருந்து தாராளமாக எழுதித் தரப்பட்டதும், வேலை போனால் பலருக்கு மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போவதும் விதியின் விளையாட்டல்ல. சட்டமன்றங்களிலும் வணிக அலுவலகங்களிலும் மனிதர்கள் எடுத்த முடிவுகள் அவை. மருத்துவர்களின் திறமையைக் கொண்டு ஒரு நாட்டின் ஆயுளை விளக்க முற்படுகிறவர்கள், மருத்துவமனை வாசலை எட்டுவதற்கு முன்பே இறந்தவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில், சராசரி ஆயுள் என்ற எண் முதலில் சொல்வது அவர்களைப் பற்றித்தான்.