அடி மூட்டை மட்டும் பூசணம் பிடிப்பது ஏன்?

“புது வீடு கட்டப்போகிறோம். பழைய வீட்டில் மழைக்காலத்தில் தரை ஓதம் ஏறி, நெல்லில் அடி மூட்டை பூசணம் பிடிக்கிறது. டைல்ஸ் போட்டால் சரியாகுமா?”
- வாசகி, திருத்துறைப்பூண்டி.

ஆகாது. ஈரம் சுவர் வழியே ஏறும். களிமண் நீரை மேலே இழுக்கும், பருஞ்ஜல்லி இழுக்காது. அதனால் வயல் மண்ணைப் பேஸ்மட்டத்துக்குள் கொட்டாதீர்கள். மணல் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே 10 செ.மீ. ஜல்லி பரப்புங்கள். ஜல்லி முனை குத்தாதபடி மணல் தூவி, 250 மைக்ரான் பாலித்தீன் தாள் விரியுங்கள். இணைப்பில் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். பிறகுதான் கான்கிரீட். ‘தாள் எதற்கு?’ என்பார் கொத்தனார். விடாதீர்கள், பின்னால் போட முடியாது. சுவருக்கும் பேஸ்மட்ட மட்டத்தில் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த 1:2:4 கான்கிரீட் பட்டை தேவை.

அதுவரை மூட்டைகளைப் பலகை மேல், சுவரைவிட்டு இரண்டடி தள்ளி அடுக்குங்கள்.