குடும்பச் சந்தை: பூட்ஸின் ஆயுளும் கடைக்காரரின் பொறுப்பும்

சென்ற இதழில் மழைக்குடைகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்ததைப் படித்த அன்பர் ஒருவர், "குடை போனால் நனைவதோடு போயிற்று. காலிற் போடும் பூட்ஸ் போனால் பிழைப்பே போய்விடுகிறதே, அதைப்பற்றி ஏன் எழுதக்கூடாது?" என்று கேட்டிருந்தார். அவர் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால், அக்கடிதம் வந்த வாரத்தில் என் மைத்துனன் கணுக்காலிற் கட்டுடன் எங்கள் வீட்டுக் கூடத்திற் படுத்திருந்தான். ஆகவே இம்மாதம் வேறு விஷயம் தேட வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

மைத்துனன் வாணியம்பாடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, ஜீவனஹள்ளியில் எங்களோடு தங்கி, ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இருப்புப்பாதை வேலை செய்து வருகிறான். நான் நாற்காலியில் அமர்ந்து பேரேடு எழுதும் ரயில்வே குமாஸ்தா. அவனோ நாள் முழுதும் கருங்கல் ஜல்லியின்மேல் நடப்பவன். ஜல்லிமேல் நடப்பது எப்படியென்பதை நடந்து பார்த்தவர்களே அறிவர். ஒவ்வொரு அடியிலும் கால் ஒவ்வொரு பக்கம் சாயும். அதற்கென்றே, விரல்களைக் காக்கும் இரும்புக் கவசம் வைத்த தோல் பூட்ஸ் ஒன்றை, நகரின் பெரிய கடையொன்றில் 1,850 ரூபாய்க்கு வாங்கினான். ஐந்தாம் மாதத்தில், தோளிற் சுமையோடு போகையில், வலது பூட்ஸின் குதிகாற்பகுதி அப்படியே கழன்றுகொண்டது. கால் மடங்கி விழுந்தான். எலும்பு முறியாதது தெய்வச் செயல். பதினொரு நாள் கூலி போயிற்று.

கழன்ற துண்டை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். நேற்றைய கேழ்வரகுக் களியைப் பிட்டாற்போல விரலிடையில் உதிர்ந்தது. மேல்தோலோ புதுக் கருக்கு அழியாமல் இருந்தது.

இவ்விடத்தில் எங்கள் வீட்டிலுள்ள மற்றொரு ஜோடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தந்தையார் குக் டவுனில் ஒரு பெரியவரின் பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். அப்பெரியவர் இளமையில் வேட்டைக்குப் போனவர். (இந்நகரில் அத்தகையோர் பலர் இருந்தனர், புலி, சிறுத்தைகளைப் பற்றி நூல்கள் எழுதி 1974இல் மறைந்த கென்னத் ஆண்டர்சனும் பெங்களூர்வாசியே. அவர் நூல்களில் வரும் காடுகள் பல நம் சேலம், தருமபுரிப் பக்கத்தவை.) 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்கு வேலையில்லாமற் போகவே, பெரியவர் தம் வேட்டை பூட்ஸை அலமாரியில் வைத்துவிட்டார். 1985இல் பங்களாவை விற்றுப் போகும்போது அதை என் தந்தையாருக்குக் கொடுத்தார். ஆக, அந்த பூட்ஸ் என்னைவிட மூத்தது. கான்பூரிற் செய்தது என்று பெரியவர் சொன்னாராம்; உள்ளிருந்த முத்திரை என்றோ தேய்ந்துவிட்டது. பட்டாளத்துக்கு பூட்ஸ் செய்து கொடுத்த கூப்பர் ஆலன் போன்ற ஆலைகள் இருந்த ஊர் ஆதலால், நம்பத் தகாத செய்தியன்று. இதுவரை நான்கு முறை அடிமாற்றியிருக்கிறோம். குதிகால் லாடம் எத்தனை முறை மாற்றினோம் என்பதற்குக் கணக்கில்லை.

நாற்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த பூட்ஸும் ஐந்து மாதத்தில் உதிர்ந்த பூட்ஸும் ஒரே வாசலில் அடுத்தடுத்துக் கிடந்தன. "அந்தக் காலத்துச் சரக்கு அந்தக் காலத்துச் சரக்குத்தான்" என்று என் தாயார் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துபோகும். எனக்கோ காரணம் தெரியாமல் இருக்க முடியவில்லை. பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தருகே முப்பது ஆண்டுகளாகக் காலணி தைத்துவரும் பெரியவரிடம் இரண்டையும் எடுத்துச் சென்றேன். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்து அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் தோல். தோலைப் பதனிடுவதில் இரு வழிகள் பெருவழக்கு. ஒன்று ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றில் ஊறவைப்பது, வாரக்கணக்கில் ஆகும். இவ்வகைத் தோல் கெட்டியானது, தையலைப் பற்றிக்கொள்ளும். 1914–18 யுத்தத்தில் ஆங்கிலப் பட்டாளத்தார் பூட்ஸின் மேற்பாகத்துக்குச் சென்னை ராஜதானியிலிருந்து போனது இத்தகைய தோலே. மற்றொன்று குரோம் உப்பினாற் பதனிடுவது, விரைவில் முடியும், தோல் மிருதுவாயும் நீரையும் சூட்டையும் தாங்குவதாயும் இருக்கும். இம்முறையை 1903ஆம் ஆண்டு வாக்கில் சென்னையிற் சோதித்துப் பரப்பிய ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர், பின்னர் மைசூர் சமஸ்தானத்துத் தொழிற்றுறையின் தலைவராக இங்கு வந்தார். 1912இல் பல்லாவரத்தருகே எழுந்த குரோம் தோல் ஆலையாலேதான் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. நமக்கு அண்டையிலுள்ள டானரி ரோடும் அவ்வாறே தோல் பதனிடும் கூடங்களாற் பெயர் பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து வந்த நம் குடும்பத்தார்க்கு இவையெல்லாம் புதுச் செய்தியல்ல. சொல்ல வந்தது யாதெனில், மைத்துனனின் பூட்ஸில் இருந்ததும் நல்ல தோலே. தோல் துரோகம் செய்யவில்லை.

வேறுபாடு முழுவதும் அடிப்பாகத்தில் இருக்கிறது. தந்தையாரின் பூட்ஸில், மேல்தோலையும் உள்ளடியையும் சுற்றி ஒரு தோற்பட்டை வைத்துத் தைத்திருக்கிறது. தரையிற் படும் அடித்தோலை அந்தப் பட்டையோடு மட்டும் தைத்திருக்கிறது. அடித்தோல் தேய்ந்தால் வெளித்தையலைப் பிரித்து வேறு அடி வைத்துத் தைத்துவிடலாம். மேற்பாகத்தைத் தொடவே வேண்டியதில்லை. கையினால் நெடுங்காலம் செய்துவந்த இவ்வேலைக்கு, ரப்பரைப் பக்குவம் செய்யும் வழி கண்ட குட்இயரின் மகன் 1870களில் இயந்திரம் கொண்டுவந்தார். நடந்தால் அடி தேயும் என்று அறிந்தவர் செய்த பூட்ஸ் அது.

இக்காலத்துத் தொழிலாளர் பூட்ஸிற் பெரும்பாலானவற்றில், பாலியூரித்தேன் என்னும் பொருளை அச்சில் ஊற்றி, மேல்தோலோடு ஒரே உடலாக்கி விடுகின்றனர். கனம் குறைவு, விலை குறைவு, கால் வலியும் குறைவு. இவை மெய்யான நன்மைகளே. ஆனால் இப்பொருளிற் பலவகை, காற்றிலுள்ள ஈரத்தாலும் வெப்பத்தாலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்து வரும். நடந்தால்தான் என்பதில்லை, பெட்டியிற் சும்மா கிடந்தாலும் சிதையும். சில ஆண்டுகள் கிடங்கிற் கிடந்த பூட்ஸ், கண்ணுக்குப் புத்தம் புதிதாயிருந்து, காலிற் போட்ட சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.

காலணி தைக்கும் பெரியவர் பூட்ஸின் நாக்கைப் புரட்டி உட்புறத்தைக் காட்டினார். செய்த மாதமும் வருஷமும் அங்கே அச்சாகியிருந்தன. மைத்துனன் வாங்கிய நாளுக்கு நான்கு ஆண்டுகள் முந்தைய தேதி! காசு கொடுத்துத் தேள் கொட்டிக்கொண்ட கதைதான்.

மறுநாள் கடைக்குப் போனேன். ரசீதைக் கேட்டார்கள். மைத்துனன் அதைப் பத்திரமாகத்தான் பணப்பையில் வைத்திருந்தான். ஆனால் இக்காலத்து ரசீதுகள் மையினால் அச்சிடுவனவல்ல, சூட்டினால் எழுத்துத் தோன்றும் தாள்கள். வெயிலிலும் வியர்வையிலும் கிடந்து அது வெள்ளைத் தாளாகியிருந்தது. அதைப் பிடித்து வெளிச்சத்திற் பார்த்த கடைச் சிப்பந்தி சிரித்தார். பிறகு சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. "கல்லிலே நடந்தால் எந்த பூட்ஸ்தான் நிற்கும் சார்?" என்றும் கேட்டார். கல்லில் நடக்கவென்று விற்ற பூட்ஸ் அது. ஜல்லியையே பாராத காலோடு நிற்கும் என்னை அவர் அவ்வாறு கேட்டது எனக்கு உறைத்தது.

அமெரிக்க நாட்டில் மெய்ன் என்ற ராஜ்யத்தில் பீன் என்றொருவர் இருந்தார். 1912இல், ரப்பர் அடியும் தோல் மேற்பாகமும் சேர்த்து வேட்டைக்காரருக்கென்று பூட்ஸ் செய்து, தபால் மூலம் நூறு ஜோடி விற்றார். தையல் விட்டுத் தொண்ணூறு ஜோடி திரும்பி வந்தன. பீன் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கிக் குறையைத் திருத்தி, மறுபடி செய்தார். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. அதே பூட்ஸுக்குக் கட்டணம் பெற்று அடிமாற்றியும் கொடுக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்றிருந்த வாக்குறுதியை மட்டும் 2018இல் ஓராண்டாகக் குறைத்துவிட்டனர். பழைய பொருட் சந்தையில் வாங்கியதையெல்லாம் கொண்டுவந்து பணம் கேட்டவர்கள் மிகுந்ததே காரணமாம். ஆக, நேர்மை கடைக்காரருக்கு மட்டும் வேண்டுவதன்று.

நம் நாட்டில் பீனின் நல்ல மனத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை, சட்டமே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளுக்கு ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதிற் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிடில் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அச்சட்டப்படி முறையற்ற வாணிபம். சுவரிற் பலகை மாட்டிவிட்டால் சட்டம் மாறிவிடாது. மைத்துனனுக்கு முப்பது நாள் கடந்துவிட்டது. ஆயினும் பொருளிற் குறையென்று முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு முக்கியமானது இது: முறையீட்டை நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். ஊரில் வாங்கிய பொருளுக்கு ஊருக்கு அலைய வேண்டா. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதும் இல்லை. அதற்கு முன்படியாக 1915 என்ற உதவி எண்ணிற் பேசலாம். தமிழிலும் பேசலாம், கன்னடம் தடுமாறுமே என்ற அச்சம் வேண்டாம்.

நான் முதலில் 1915இற் பதிவு செய்தேன். பின், மைத்துனன் பணம் கொடுத்தது கைப்பேசி வழியாக என்பது நினைவுக்கு வந்தது. வங்கிக் கணக்கில் நாளும் தொகையும் கடையின் பெயரும் இருந்தன. அவற்றின் நகலையும், நாக்கிலிருந்த தேதியின் படத்தையும் சேர்த்து, பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பழைய சரக்கைப் புதிதென்று விற்றது பற்றி இரண்டே வாக்கியங்கள். ஒன்பதாம் நாள் மேலாளரே தொலைபேசியில் அழைத்து விலையைத் திருப்பித் தந்தார். பதினொரு நாள் கூலியைப் பற்றிப் பேசினேன். அது தம் கையில் இல்லை என்றார். 7,700 ரூபாய். ஆணையத்துக்குப் போகலாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. போகலாம் என்பது என் கருத்து. இன்னொரு நாள் கூலியும் போகுமே என்பது மைத்துனன் கருத்து. கூலிக்காரன் கணக்கு அது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிதாய் வாங்கியதற்கு நான் உடன் போனேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 15298 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நாக்கைப் புரட்டித் தேதி பார்த்தேன். மூன்று மாதத்துச் சரக்கு. ரசீதைக் கடைவாசலிலேயே படம் எடுத்துக்கொண்டேன். மாலையில் வாங்குவது நலம், நடந்து சிறிது பருத்த காலுக்கு அளவு சரியாகத் தெரியும். நனைந்தால் அடுப்படியில் வைக்காமல், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் உலர்த்தும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். இரவில் வென்னீர் அடுப்பருகே வைத்துக் காய்ச்சுவது நம்மவர் பலர் வழக்கம். தோல் வெடிப்பதற்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

தந்தையாரின் பூட்ஸையே அவன் போட்டுக்கொண்டாலென்ன என்று என் மனைவி கேட்டாள். அளவு பொருந்துகிறது. ஆயினும் அதில் விரற்கவசம் இல்லை. தண்டவாளம் தூக்குமிடத்துக்கு வேட்டை பூட்ஸ் உதவாது. மேலும், தந்தையார் கொடுப்பாரா என்பதும் சந்தேகம். நிலையத்தருகிலுள்ள பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, வெளித்தையல் இற்றிருக்கிறது, ஐந்தாம் முறையாக அடிமாற்றிவிடலாம், 900 ரூபாய் ஆகும் என்றார். தோல் இன்னும் எத்தனை காலம் வரும் என்று கேட்டேன். பட்டையை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, தமக்குப் பின்னும் வரும், ஆனால் தமக்குப் பின் இதைத் தைக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்றார். அவர் மகன் வாடகை வண்டி ஓட்டுகிறான்.

சனிக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். தந்தையார் வியாழக்கிழமையே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.