தூங்கி விழும் கோழி

பீர்மேட்டு லயத்திலிருந்து ஒரு சகோதரி வினவுகிறார்: பெட்டைக்கோழி தீனி எடுக்காமல் தூங்கி விழுகிறது, குழம்புக்கு அறுத்துவிடலாமா?

வேண்டாம் அம்மணி. முதலில் அதனைப் பிரித்துத் தனிக் கூடையில் வையுங்கள். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பின்னர் எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்தும் முறுகினால், பெரும்பாலும் அது வெள்ளைக் கழிச்சலே. 1927-இல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். நச்சுயிரியால் வருவது; தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுக்கும் பாட்டிமாரை நான் இகழேன். அதனை நம்பித் தடுப்பு மருந்தைத் தள்ளிப்போடுவதையே கண்டிக்கிறேன். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். நோய் கண்டபின் ஊசியால் பயனில்லை.

லயத்தில் ஒரு வீட்டுக் கோழி எல்லார் வாசலிலும் மேயும். ஆதலால் அண்டை வீட்டாருக்கு அன்றே சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒருமுறை நானும் மறைத்தேன். எங்கள் வரிசையில் பதினொரு கோழிகள் மாண்டன. முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கிவந்த அடுத்த வீட்டம்மையின் கூண்டும் வெறுமையாயிற்று.

ஒருசேரப் பல மடிந்தால் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். 2014-இல் ஆலப்புழை வாத்துகளுக்கு வந்த பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். இறந்ததை ஓடையில் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.