செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய்!

சென்னையில் மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு இல்லை. மயிலாப்பூர் மாட வீதி, தியாகராய நகர் உஸ்மான் சாலை, அடையாறு பாலம் எங்கும் காலை முதல் நள்ளிரவு வரை வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கணவன் முன்னால், மனைவி பின்னால், நடுவில் குழந்தை. ஒரு குடும்பமே இரண்டு சக்கரத்தில் போகிறது!

அந்தப் பாரத்தை இழுப்பது எது?

"எஞ்சின்" என்று எல்லோரும் சொல்வார்கள். எஞ்சினின் பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது செயின். அது ஓய்ந்தால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் வண்டி நகராது. ஆனால், வாரம் தவறாமல் வண்டியைக் கழுவித் துடைப்பவர்கள்கூட, குனிந்து செயினைப் பார்ப்பது அபூர்வம்.

இது சின்ன விஷயம் அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அறுந்தால் என்ன ஆகும்?

காய்ந்து, துருப்பிடித்து, தேய்ந்த செயின் ஒரு நாள் அறுந்து போகலாம். தளர்ந்த செயின் பல்சக்கரத்தை விட்டுக் கழன்று விழலாம். வண்டி அப்படியே நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். அறுந்த செயின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தூக்கி எறியப்படுவார்கள். பின்னால் பஸ் வந்தால் கதி என்ன?

செயினை ஒட்டி இன்னொரு ஆபத்தும் உண்டு. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்திலோ செயினிலோ சிக்கலாம். இதற்காகவே 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று கூறுகின்றன. "அழகாக இல்லை" என்று அதைக் கழற்றி எறிபவர்கள் யோசிக்க வேண்டும்.

செயினுக்குள் என்ன இருக்கிறது?

இன்று நாம் காணும் உருளைச் செயினுக்கு வழிகாட்டியவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்தியவர். 1880இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்புதான், 140 ஆண்டுகளுக்குப் பிறகும் நம் வண்டியில் ஓடுகிறது.

செயின் செய்வதில் தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததல்ல. 1937இல் தொடங்கிய கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் "ரோலான்" செயினும், அம்பத்தூர் டி.ஐ.டி.சி. நிறுவனத்தின் "டைமண்ட்" செயினும் மெக்கானிக்குகள் நன்கு அறிந்தவை. 1955இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் பிறந்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டி செய்யத் தொடங்கியது. வண்டியும் நம்முடையது, செயினும் நம்முடையது. பராமரிப்பு மட்டும் ஏன் நம்முடையதாக இல்லை?

ஒரு செயினில் நூறு கண்ணிக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முளை, அதைச் சுற்றி ஒரு குழல், அதன் மேல் ஓர் உருளை. வண்டி ஓடும்போது கண்ணிகள் ஒவ்வொன்றும் மடங்கி மடங்கி நிமிர்கின்றன. அப்போது முளையும் குழலும் உராய்கின்றன. நடுவில் எண்ணெய் இருந்தால் வழுக்கும். இல்லாவிட்டால் இரும்பை இரும்பு தின்னும். "செயின் நீண்டுவிட்டது" என்கிறோமே, அது ரப்பர்போல நீளவில்லை. நூறு இடத்தில் தேய்ந்த தேய்மானம் ஒன்று சேர்ந்து நீளமாகத் தெரிகிறது!

சென்னைக்கு இரட்டைப் பகை

நம் ஊரில் செயினுக்குப் பகைவர் இருவர். ஒன்று கடற்காற்று. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் உப்பு ஈரம் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். மற்றது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெருத் தண்ணீரில் வண்டியை உருட்டாதவர் யார்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. தண்ணீர் எண்ணெயைக் கழுவிவிடும். வெளியே வந்ததும் துரு தொடங்கும். ஆகவே மழையில் ஓட்டினால், கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே செயினைத் துடைத்து எண்ணெய் விடவேண்டும்.

மற்ற நாளில் எப்போது? 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது பல வண்டிகளின் கையேட்டில் உள்ள கணக்கு. தினமும் 20 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருபவருக்கு 25 நாளில் 500 வந்துவிடும். வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு போகும் இளைஞர் தினம் 100 கிலோமீட்டர் ஓட்டினால், ஐந்தே நாளில் வந்துவிடும்!

எப்படி விடுவது?

வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். இதுதான் முதல் விதி. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைக்கப் போனால், துணி சிக்கும். துணியோடு விரலும் போகும். சக்கரத்தைக் கையாலேயே சுற்றுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பழைய பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கை நீக்குங்கள். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து. மேலும், சில செயின்களின் கண்ணியில் சிறு ரப்பர் வளையம் உண்டு. பெட்ரோல் அதைக் கெடுக்கும். பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பிறகு 90 நம்பர் கியர் ஆயிலோ, செயினுக்கென்றே விற்கும் ஸ்பிரேயோ போடுங்கள். கீழ்ப்பக்கமாக ஓடும் செயினின் உட்புறத்தில் விடவேண்டும். சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளிப்பக்கம் வீசப்படும். அப்போது அது கண்ணிக்குள் இறங்கும். வண்டி ஓடி வந்த சூட்டோடு விடுவது நல்லது. கடைசியில் மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அதிகம் விட்டால் கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டு, உப்புக்காகிதம்போல் செயினை அராவும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா? கூடாது, பிசுபிசுத்துக் கட்டியாகும். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயில்? அதிலே இரும்புத் தூள் இருக்கும். அதுவும் கூடாது.

தானாக எண்ணெய் விடும் கருவி

"தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன் எப்போது உட்கார்ந்து எண்ணெய் விடுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் கருவி இருக்கிறது.

இது புதுமை அல்ல. 1969இல் வந்த ஹோண்டா சி.பி.750 வண்டியில், முன் பல்சக்கரத்தின் தண்டு வழியே எண்ணெய் கசிந்து செயினுக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். பின்னர் ரப்பர் வளையம் வைத்து, உள்ளேயே கிரீஸை அடைத்த செயின்கள் வந்தன. அதனால் கம்பெனிகள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டன. ஆனாலும் வளையம் காயாமல் இருக்கவும், வெளியே துரு பிடிக்காமல் இருக்கவும் எண்ணெய் தேவைதான். ஆகவே கருவியைத் தனியே வாங்கி மாட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தின் "ஸ்காட்டாயிலர்" இவற்றில் பெயர் பெற்றது.

எல்லாக் கருவிக்கும் அடிப்படை ஒன்றே. சிறு புட்டியில் எண்ணெய். அதிலிருந்து மெல்லிய குழாய். குழாயின் நுனி பின் பல்சக்கரத்தைத் தொடும். நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு போதும். புட்டியைத் திறந்து மூடும் முறையில்தான் வேறுபாடு.

முதல் வகை, கையால் திருகும் குழாய். விலை குறைவு. ஆனால், மூட மறந்தால் இரவெல்லாம் சொட்டி, விடிந்ததும் வாசலில் எண்ணெய்க் குளம்! சித்திரை வெயிலில் எண்ணெய் இளகி வேகமாகவும் சொட்டும். மறதி உள்ளவருக்கு இது ஆகாது.

இரண்டாம் வகை, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையால் திறப்பது. எஞ்சின் நின்றால் தானே மூடிக்கொள்ளும். மறதிக்கு மருந்து. ஆனால், குழாய் இணைப்பில் காற்று கசிந்தால் எஞ்சின் ஓட்டம் கெடும்; தேர்ந்த கை மாட்டவேண்டும்.

மூன்றாம் வகை, மின்சாரத்தில் இயங்குவது. வண்டி ஓடுவதை அறிந்து அளவாக விடும். வசதி அதிகம், விலையும் அதிகம்.

வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என் வண்டியின் செயின் முழு மூடிக்குள் இருக்கிறதா? அப்படியானால் குழாய் நுழைவது கடினம். தூசியும் குறைவாகவே படும். கையால் விடுவதே போதும். மாட்டினால் புது வண்டியின் வாரண்டி கெடுமா? சர்வீஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். எண்ணெய் டயரில் தெறிக்குமா? இதுதான் முக்கியம். டயரில் எண்ணெய் பட்டால் திருப்பத்தில் வண்டி வழுக்கும். செயினைக் காக்கப் போய் ஆளைப் பறிகொடுக்கக் கூடாது!

நம் கருத்து

வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடும் வண்டிக்குக் கருவி தேவையில்லை. மாதம் ஒரு ஞாயிறு, கால் மணி நேரம், ஒரு பாட்டில் கியர் ஆயில் போதும். நெடுந்தூரப் பயணம் போகிறவருக்கும், வண்டியே பிழைப்பாக இருப்பவருக்கும் கருவி பயன் தரும்.

ஆனால், பிழைப்புக்காக ஓட்டுபவரிடம் கருவி வாங்கப் பணம் ஏது? செயினும் இரண்டு பல்சக்கரமும் சேர்த்து மாற்றுவதே அவருக்குச் சில நாள் கூலி. வண்டி நின்ற நாளில் வருமானமும் இல்லை. அவர் உழைப்பில் வியாபாரம் செய்யும் கம்பெனிகள், வண்டிக்கு எண்ணெயும் மழைக்காலத்தில் இலவசச் செயின் சோதனையும் தரலாகாதா? பெரிய செலவு அல்ல, மனம்தான் வேண்டும். ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளும் செயினைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும்.

எந்தக் கருவியும் கண்ணுக்கு ஈடாகாது. பின் பல்சக்கரத்தின் கடைசியில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல் பாதிக்கு மேல் தெரிந்தால், அல்லது பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால், செயினையும் இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வண்டி வாசலில்தான் நிற்கிறது. சாவியை எடுத்துவிட்டு, ஒரு முறை குனிந்து பாருங்கள்!