அட்வான்ஸ் யாருடைய பணம்?

“மேடம், ஓசூர்ல வீடு பார்த்தாச்சு. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள அங்க அட்வான்ஸ் கட்டணும். நீங்க கொடுக்கறதை வச்சுத்தான்...” என்று என் முதல் குடித்தனக்காரர் போனில் தயங்கியபோது, என் வங்கிக் கணக்கில் 18,000 ரூபாய் இருந்தது. அவருக்கு நான் திருப்பித் தர வேண்டியது 1 லட்சம்.

பெருங்களத்தூரில் அந்த ஃப்ளாட்டை 2022 ஜனவரியில் வாங்கினோம். இரண்டு படுக்கையறை, இரண்டாம் மாடி, ஒன்பது வருடப் பழைய கட்டடம். விலை 32 லட்சம். மாத வாடகை 11,000 என்றார்கள். வருடத்துக்கு 1,32,000, போட்ட பணத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் வருகிறதே என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வட்டம் போட்டேன். அந்த வட்டத்துக்குள் எத்தனை செலவுகள் விடுபட்டிருந்தன என்பது ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது. பத்திரப் பதிவுக்கு அன்று முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4 என 11 சதவீதம் போனது. (பதிவுக் கட்டணம் 2 ஆகக் குறைந்தது 2023-ல்.) ஆக, அடக்கம் முப்பத்தைந்தரை லட்சம். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், நிலத்தில் நமக்குள்ள பிரிபடாப் பங்கு எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்தோம். அதில் நான் கவனமாகவே இருந்தேன். கணக்கில்தான் தவறினேன்.

20 லட்சம் கடன், 20 வருடம், 7 சதவீத வட்டி. மாதத் தவணை 15,500. வாடகை போக 4,500 போட்டால் போதும் என்று நினைத்தேன். அந்த ஆண்டு மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றத் தொடங்கியது. 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. என் கடன் மாறும் வட்டிக் கடன். காலத்தை நீட்ட மனமில்லாமல் தவணையைக் கூட்டச் சொன்னேன், 18,500-ஐத் தாண்டியது. வாடகையோ அதே 11,000.

ஆனாலும் என்னை உண்மையில் உலுக்கியது வட்டியல்ல, அந்த அட்வான்ஸ்தான்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். எல்லோரும் வாங்குகிறார்கள் என்று நானும் 1 லட்சம் வாங்கினேன். பெயிண்ட் அடித்தேன், பால்கனிக்கு கிரில் போட்டேன், அசோசியேஷனில் மோட்டார் மாற்றியதற்குப் பங்கு கொடுத்தேன். ஆறு மாதத்தில் அந்தப் பணம் வீட்டுக்குள்ளேயே கரைந்துவிட்டது. வாங்கிய அன்று அதை வரவு என்று எழுதியிருந்தேன்; கடன் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

“பத்து நாள் பொறுங்க தம்பி” என்று சொல்லிப் போனை வைத்தேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “உங்கப்பாகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க” என்றார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். திருவல்லிக்கேணியில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருந்த வீட்டைக் காலி செய்தோம். அட்வான்ஸைத் திருப்பி வாங்க அப்பா நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சைக்கிளில் போனார். வெள்ளையடிக்க இவ்வளவு, உடைந்த தாழ்ப்பாளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மீதியை மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா வாசலிலேயே நிற்கவைக்கப்பட்டார். இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் இன்றும் சூடு குறையவில்லை.

மறுநாளே வளையல்களை அடகு வைத்து, 24-ம் தேதி முழுப் பணத்தையும் அந்தத் தம்பியின் கணக்கில் போட்டேன். சுவரில் அவர் குழந்தை கிரேயானில் கிறுக்கியிருந்தது. அதற்கு ஒரு ரூபாய்கூடப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பேசும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. முன்பணத்துக்கு அது சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரியதைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தந்துவிட வேண்டும். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். என்ன தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. வாங்குவதற்கு முன்பே நான் படித்திருக்க வேண்டியவை இவை.

அந்தத் தம்பி காலி செய்தபின் என் ஃப்ளாட் இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது. தவணையும் பராமரிப்புக் கட்டணமும் என் கையிலிருந்து போயின. புதிய குடித்தனம் வந்ததும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. இப்போது வருடத்துக்குப் பத்து மாத வாடகைதான் வரும் என்றே கணக்குப் போடுகிறேன். 35.5 லட்சத்துக்கு 1,10,000. அது சுமார் 3 சதவீதம். வைப்பு நிதி வட்டி இதைவிட அதிகம். விலை ஏறும், வாடகை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இதில் நிற்கிறேன். வாடகையை மட்டும் நம்பிக் கடன் வாங்க நினைக்கும் தோழிகளிடம் இந்த எண்ணைக் காட்டிவிட்டுத்தான் பேசுகிறேன். வரி விஷயமும் உண்டு: வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். ஆனால் புதிய வரி முறையில், வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

புதிதாக வந்த குடும்பத்திடம் 33,000 வாங்கினேன். “மூணு மாசம்தானா மேடம்?” என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டார். அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது. அதன் பாஸ்புக் அம்மாவிடம். வாடகையிலிருந்தும் மாதம் 1,500 ரூபாய் ரிப்பேருக்கென்று ஒதுக்குகிறேன்.

போன வாரம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பரவியிருப்பதாகச் சொன்னார்கள். குளியலறை டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்கிறார் பிளம்பர். ஒதுக்கிவைத்த பணம் பாதிச் செலவுக்குத்தான் வரும். அந்த ஒரு வாரத்துக்கு வாடகை வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டுக் குளியலறையை அவர்கள் உபயோகிக்கலாமா என்று கேட்கத்தான் நாளை பெருங்களத்தூர் போகிறேன்.