சாயக்கூலியும் நொய்யலும்

நம் சங்கக் கூட்டங்களில் நூலுக்குச் சாயமிடும் கூலியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எங்கே மலிவு என்ற கேள்வி ஒன்றே கேட்கப்படுகிறது. சாயமிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பாரில்லை. நெசவாளரும் பயிரிடுவோரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள சங்கத்தில் இம்மௌனம் பொருந்துவதன்று.

வெள்ளிங்கிரி மலைச்சாரலில் தோன்றும் நொய்யல், பேரூர் வழியாகக் கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியை அடைகிறது. முன்னோர் இதன் குறுக்கே தடுப்பணைகள் கட்டி, வெள்ளத்தை வாய்க்கால் வழியே குளம் குளமாகத் தேக்கினர். உக்கடம் பெரியகுளமும் சிங்காநல்லூர்க் குளமும் அவ்வரிசையைச் சேர்ந்தவையே.

1992ஆம் ஆண்டில் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென்று ஓர் அணை எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. மூடி வைத்தால் சுற்றுப்புறக் கிணறுகள் உப்பாயின. திறந்து விட்டால் கீழ்ப்பகுதி வயல்கள் பாழாயின. தங்களுக்காகக் கட்டிய அணையின் நீரே வேண்டாமென்று விவசாயிகள் சொல்லும் நிலை வேறெங்கு உண்டு?

கேடு நிறத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது என்பதை நம்மவர் பலர் அறியார். பருத்தி நூலில் சாயம் நன்கு பற்றுவதற்கு உப்பை ஏராளமாகச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பு முதலியவற்றைக் கொண்டு நிறத்தைப் பெரும்பாலும் அகற்றலாம். கரைந்த உப்பு அவ்வாறு நீங்காது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைபொருள் இருத்தலாகாது என்பது விதி. தெளிந்த நீரும் தென்னையைக் கொல்லும்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர் நீதிமன்றம் 2006லும், உச்ச நீதிமன்றம் 2009லும் கண்டிப்பான கட்டளைகள் பிறப்பித்தன. அவை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயச்சாலைகள் எல்லாம் மூடப்பட்டன. நிலம் இழந்தவன் அழுதது போக, வேலை இழந்தவனும் அழுதான். பின்னர், கழிவை நுண்சவ்வுகளால் வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்ட சாலைகளே திறக்க இயன்றது. அம்முறைக்குச் செலவு மிகுதி. அச்செலவு கூலியில் ஏறத்தான் செய்யும்.

நாம் வாங்கும் சாயநூல் கையளவுதானே என்று சிலர் கூறுவர். மெய்தான். ஆயினும் மலிவான கூலிக்கு நூலைக் கொடுத்துவிட்டு, அங்கு கழிவு எப்படி வெளியேறுகிறது என்று வினவாதிருப்பது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் பயிர்க்கார அங்கத்தினரின் கிணற்றில் உப்பைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். பயிர்க்காரரும் முற்றும் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை; குளத்து வாய்க்காலைத் தம் வரப்புக்குள் சேர்த்துக்கொண்டோர் நம்முள்ளும் உண்டு. நகரச் சாக்கடையின் கதையோ தனிக்கதை.

கழிவுநீரை முழுதும் மீட்டெடுக்கும் சாலைகளிலேயே இனி சங்கத்து நூலுக்குச் சாயமிட வேண்டும். அதனால் கூடும் கூலியை நெசவாளர் தலையில் மட்டும் சுமத்தாது, துணியின் விலையிலும் சங்க இலாபத்திலும் பகிர்ந்து கொள்ள வேண்டும். இத்தீர்மானத்தை வரும் மகாசபையில் முன்மொழிய எண்ணியிருக்கிறேன். வழிமொழிவதற்குப் பயிரிடும் அங்கத்தினர் ஒருவரை எதிர்பார்க்கிறேன்.