துள்ளும் மீன் சான்றாகுமா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வடிகால் நீர் கறுத்துப்போனதாக யாரேனும் முறையிட்டால், மீன் துள்ளுகிறதே, பிறகென்ன குறை என்று கேட்டு வாயடைப்பது எளிது. துள்ளுவது எந்த மீன் என்பதே நம் வினா.

விராலும் கெளிறும் பனையேறிக் கெண்டையும் சேற்றை வெல்லப் பிறந்தவை. மலாய்க்காரர் புயு என்றழைக்கும் பனையேறிக்குச் செவுளின் மேலே மடிப்பு மடிப்பான தனியுறுப்பு உண்டு. அதனால் அது காற்றையும் சுவாசிக்கும். உடலில் சேரும் அம்மோனியாவையும் முனைந்து வெளியேற்றும். 1791-இல் தரங்கம்பாடியில் டேனியக் கும்பினியின் டால்டார்ஃப் அதனைப் பனைமரத்தில் கண்டதாக எழுதினார். மரமேறிய கதையை ஐயுறுவோர் உளர். அதன் உயிர்ப்பிடிப்பை ஐயுறுவார் இலர்.

ஏனைய மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்பேறு இல்லை. உயிர்வளி குன்றினால் அவை மேலே வந்து வாய் பிளக்கும், இதயத்துடிப்பு தணியும், கார்டிசால் என்னும் இயக்குநீர் பெருகிச் சேமித்த ஆற்றலை வெளிக்கொணரும். சிறிது நேரத்துக்கு அது காப்பு. வாரக்கணக்கில் நீடித்தாலோ, அதுவே வளர்ச்சியைக் குறுக்கி, நோயெதிர்ப்பைத் தளர்த்தி, இனப்பெருக்கத்தைக் கெடுக்கும். செத்து மிதக்கும் மீன் செய்தியாகிறது. பிறவாத குஞ்சு எம் போன்ற ஏடுகளுக்கும் எட்டுவதில்லை.

வடிகால் நீரில் உயிர்வளியைக் குறைக்கக்கூடியது தோட்டத்தொழிலின் கழிவு. ரப்பர்ப் பாலைக் காக்க அம்மோனியாவும் உறையவைக்க ஃபார்மிக் அமிலமும் பயன்பட்ட காலத்தைத் தொடர்ந்து செம்பனை பரவியது. அதன் ஆலைக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் உயிர்வளி வேண்டும். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977-இல் விதிகள் பிறந்தன. ஆற்றில் விடும் கழிவின் இவ்வுயிர்வளித் தேவைக்கு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 1984-இல் 100-ஆக இறக்கப்பட்டது. பாராட்டுக்குரிய செயல்தான். ஆயினும் அவ்வெண் ஆலை வெளியேற்றும் கழிவுக்குரியது. ஆற்றில் எவ்வுயிர் எஞ்சியுள்ளது என்பதை அது உரைக்காது.

சிரம்பான் வழி ஓடித் தோட்டங்களின் வடிகால்களையும் ஏற்று மலாக்கா எல்லையில் கடல்சேரும் லிங்கி ஆற்றின் நீரே, சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. ஆகவே நீரின் வேதியியல் அளவீட்டோடு மீனினக் கணக்கையும் மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். செவுளால் மட்டுமே மூச்சுவிடும் இனங்களை அதில் தனியே காட்டல் வேண்டும். பழைய நிலையை அறிய ஏடுகள் போதா. இளமையில் தூண்டிலிட்ட தோட்டத்து முதியோரிடம், அவர்கள் இருக்கும்போதே மீன்பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள அதிகாரிகள் இவ்வாண்டே புறப்படட்டும்.